முதலில் கட்டு, பிறகு வாங்கு

நூலக அறிவியல் மாணவருக்குக் கருத்தரங்குதான் தொழில் கற்கும் இடம். பாடத்தில் படித்த கோஹா மென்பொருளை அன்றாடம் அதில் வேலை செய்யும் நூலகர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். எங்கே வேலை காலி என்பதும் அங்கேதான் காதில் விழும்.

பயணப்படி உண்டே என்பார்கள். முதலில் நீ கட்டு, ரசீது கொடு, பிறகு தருகிறோம் என்பதே நடைமுறை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வாரக்கூலியில் ஓடும் வீட்டில் அந்த முன்பணம் ஏது? அடுத்தவர் கரிசலில் களையெடுக்கும் சேரியில்? நிலமுள்ள சாதிப் பையனுக்கு அப்பா ஜிபே செய்துவிடுகிறார். நான் வட்டிக்கு வாங்கித்தான் போனேன்.

1931இல் ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளைப் புகழாத மேடை அநேகமாக இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அந்த மேடைகள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக்கட்டணத்தையும் ரயில் டிக்கெட்டையும் துறையே முன்னதாகக் கட்டட்டும். கணக்கை ஊர் திரும்பியபின் கேட்கட்டும்.