அணைத்தேன், அணையவில்லை

மைசூரின் கணினிக்கூடம் ஏதேனும் ஒன்றில் நுழையுங்கள். கதவிலோ சுவரிலோ ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும்: பணி முடிந்ததும் கணினியை முறையாக நிறுத்திவிட்டுச் செல்லவும்; தவறினால் ஏற்படும் இழப்புக்குப் பயன்படுத்தியவரே பொறுப்பு. இலக்கணப் பிழை ஏதுமற்ற அறிவிப்புதான். ஆனால் நிறுத்துகிறவர் நிறுத்தினால் கணினி நின்றுவிடும் என்று அது எடுத்துக்கொள்கிறதே, அந்த அடிப்படை பொய்.

தமிழ் பேசுவோருக்கு இது புதிய செய்தியன்று. 'எழுப்பினேன், எழவில்லை' என்று நாள்தோறும் சொல்கிறோம். 'அடுப்பை அணைத்தேன், அணையவில்லை' என்பதிலும் முரண் இல்லை. ஆங்கிலத்தில் இவற்றை நேராகச் சொன்னால் தன் கூற்றைத் தானே மறுப்பதாகிவிடும். தமிழின் பிறவினை பல இடங்களில் செயலையும் முயற்சியையும் மட்டுமே சொல்கிறது. பயன் விளைந்ததா என்பதைத் தன்வினைதான் சொல்லவேண்டும். எரிக் பெடர்சன் 2008இல் வெளியான கட்டுரையொன்றில் தமிழ் வினைகளின் இந்தப் பண்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பயன் உறுதி என்று காட்டத் தமிழில் 'விடு' என்ற துணைவினை உண்டு. 'அணைத்துவிட்டேன், அணையவில்லை' என்றால் காது மறுக்கிறது. கதவில் ஒட்டிய அறிவிப்பு கேட்பது இந்த 'நிறுத்திவிட்டு' என்பதைத்தான். இன்றைய மேசைக்கணினி மாணவருக்குத் தருவதோ வெறும் 'நிறுத்தி'.

பழைய கணினிகளில் நிலைமை வேறு. விண்டோஸ் 95 காலத்துப் பெட்டிகளில் இயங்குதளம் தன் வேலைகளை முடித்துக்கொண்டு, இனி மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று திரையில் எழுதிக் காட்டும். அதன்பின் மனிதக் கை விசையைத் தட்டும். மின்சாரம் உண்மையிலேயே அறுபடும். 1995இல் ஏடிஎக்ஸ் அமைப்பும் 1996இல் ஏசிபிஐ விதிமுறையும் வந்தபின் அந்தப் பொத்தான் விசையாக இல்லை, விண்ணப்பமாகிவிட்டது. அழுத்தினால் இயங்குதளத்துக்கு ஒரு செய்தி போகும். அது ஒவ்வொரு செயலியையும், பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சேவையையும், வன்பொருளின் ஒவ்வொரு டிரைவரையும் விடைபெறச் சொல்லும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றவை காத்திருக்கும். லினக்ஸில் சிஸ்டம்டி இப்படிக் காத்திருக்கும் நேரம் பொதுவாக 90 நொடி. விண்டோஸில் திரை இருண்டுவிடும். உள்ளே விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். காரணம் ஒரு பழைய டிரைவராகவோ, பிடுங்க மறந்த யூஎஸ்பி கருவியாகவோ, பாதியில் நிற்கும் அப்டேட்டாகவோ இருக்கலாம். எதுவானாலும் நாற்காலியில் இருப்பவரின் ஒழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

ஞாயிறு மாலைகளில் மைசூர் அரண்மனையைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு அணைவது என்றால் என்ன என்பது நன்கு தெரியும். ஏறத்தாழ ஒரு லட்சம் குமிழ்விளக்குகள் ஒரே நொடியில் இருண்டுபோகும். மாலை ஐந்தரைக்குச் சாவிக்கொத்துடன் வாசலில் நிற்கும் ஊழியரும் கணினியை அப்படித்தான் நினைக்கிறார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவரும் வீட்டுக்குப் போகவேண்டும். இருண்ட திரையைப் பார்க்கிறார், பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடிக்கிறார், அல்லது சுவரிலிருக்கும் மெயின் சுவிட்சைத் தட்டுகிறார். மறுநாள் ஒரு கோப்பு திறக்க மறுக்கும்போது மட்டும் முந்தைய நாள் அந்த இருக்கையில் இருந்தவர் யார் என்று பதிவேடு புரட்டப்படுகிறது.

(தமிழ் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்லத் தயங்குவார்கள்; 'குளிர வை', 'அமர்த்து' என்பார்கள், தானாக அணைந்தால் 'மலையேறிவிட்டது' என்பார்கள். கன்னடத்தில் விளக்கை அணைப்பதற்கு 'ஆரிஸு'. நம் 'ஆறு' என்ற வினையின் உறவு அது. சூடான பால் ஆறுவதுபோலச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும் செயல். கணினிக்கு மிகப் பொருத்தமான வினை கன்னடத்தில் இருக்க, கூடத்தில் எல்லோரும் சொல்வதென்னவோ 'ஆஃப் மாடி' என்றுதான்.)

இதுவரை சொன்னது இயந்திரத்தின் தடுமாற்றம். அடுத்தது திட்டமிட்டே செய்யப்பட்டது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயக்கத்தில் இருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கும்போது 'ஷட் டவுன்' என்பதைச் சொடுக்கினால் பயனரின் செயலிகள் மட்டுமே முழுமையாக மூடப்படும். இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் அதே நிலையில் வன்தட்டில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படும். அதாவது கணினி நிற்கவில்லை, உறங்கச் சென்றிருக்கிறது. முழுமையாக நின்று எழவேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுக்கவேண்டும்! நிறுத்து என்றால் நிற்பதில்லை. மீண்டும் தொடங்கு என்றால்தான் நிற்கிறது. ஐயமுள்ளோர் டாஸ்க் மேனேஜரில் செயலிப் பகுதியைத் திறந்து 'அப் டைம்' என்ற எண்ணைப் பார்க்கலாம். நாள்தோறும் மாலையில் 'நிறுத்தப்படும்' கணினி பல நாள்களாக இடைவிடாது ஓடிக்கொண்டிருப்பதாக அது சொல்லும்.

பொதுப் பயனருக்கு இது சிறு வேடிக்கை. மொழியியல் ஆய்வுக்கூடத்தில் அப்படியன்று. ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கும். களப்பதிவுகள் இரண்டுக்கும் பொதுவான பகுதியில் கிடக்கும். மாலையில் ஒரு மாணவி விண்டோஸை 'முறையாக' நிறுத்துகிறார். காலையில் வரும் வேறொருவர் உபுண்டுவைத் திறக்கிறார். விண்டோஸ் உறக்கத்தில் இருப்பதால் அந்தப் பகுதியில் எழுத உபுண்டு மறுக்கிறது. அவசரக்காரர் இணையத்தில் தேடிக் கட்டாயப்படுத்தி எழுதுகிறார். பின்பு விண்டோஸ் பழைய நினைவோடு விழித்து, மாறிப்போன வட்டின்மீது தன் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. கோப்புறை சிதைகிறது. ஹெக்கடதேவனகோட்டைப் பகுதியில் ஜேனு குறுபர் முதியவர் ஒருவரிடம் பதிந்த கதையொன்று அதில் இருந்திருந்தால், அதை மறுபடி பதிய அந்த முதியவர் இருப்பார் என்ற உறுதி யாருக்கும் இல்லை. விசாரணையில் அகப்படுபவர் யார்? கணினியைக் கடைசியாக விண்டோஸில் 'சரியாக நிறுத்தாத' மாணவி. அவரோ அறிவிப்பு சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவர்.

இக்காலக் கோப்பு முறைமைகள் திடீர் நிறுத்தத்தைத் தாங்கும் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டில் காப்பது கோப்புகளின் அட்டவணையை, கோப்புக்குள் இருப்பதையன்று. பிராட் மென்பொருளில் மூன்று மணி நேரம் அமர்ந்து ஒலியெல்லை குறித்த டெக்ஸ்ட்கிரிட், சேமிக்கப்படும்வரை நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. அதை எந்தக் குறிப்பேடும் மீட்காது.

சொல்லும் செயலும் பிரிந்ததைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட இடமும் உண்டு. 'அப்டேட் செய்து ஷட் டவுன் செய்' என்பதைத் தேர்ந்தால் கணினி அப்டேட் செய்துவிட்டு மீண்டும் எழுந்து நிற்கிறது என்று பயனர்கள் பல காலம் முறையிட்டார்கள். 2025 அக்டோபர் இறுதியில் விண்டோஸ் 11க்கு வந்த முன்னோட்ட அப்டேட்டில்தான் இந்தப் பிழை திருத்தப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதுவரை விடிய விடிய ஓடிய கணினிகளுக்கான பழி எத்தனை பேர் மீது எழுதப்பட்டதோ.

இத்தனைக்கும் சாட்சி கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஈவண்ட் வியூவரைத் திறந்தால் போதும். எண் 1074 என்றால், எந்தப் பயனர் அல்லது எந்த நிரல், எந்த நேரத்தில் நிறுத்தக் கோரியது என்பதன் பதிவு. 6008 என்றால் முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது. 41 என்றால் ஒழுங்காக நிற்காமலேயே மறுபடி எழுந்திருக்கிறது. பொத்தானை யாரேனும் அழுத்திப் பிடித்திருந்தால் அந்த நேரமும் அதில் பதிந்திருக்கக்கூடும். மாலை 5.25க்கு மாணவியின் பெயரில் 1074ம், மறுநாள் காலையில் 41ம் இருந்தால் அவர் கோரினார், இயந்திரம் முடிக்கவில்லை, இடையில் மின்சாரம் போனது அல்லது போக்கப்பட்டது என்று பொருள். கல்வெட்டில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால் படியெடுத்துப் பத்து நாள் விவாதிக்கும் அறிஞர் உலகம், இந்த மூன்று எண்களைப் படிக்காமலேயே தீர்ப்பு எழுதுகிறது.

செய்யவேண்டியது கடினமன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எல்லாக் கணினிகளிலும் அணைத்துவைக்கலாம். எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினியில் அதனால் மிச்சமாவது சில நொடிகள்தான். அதுவரை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழு நிறுத்தம் கிடைக்கும் என்பதை அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்க்கலாம். நிற்க மறுக்கும் கணினியில் வெளிக்கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது தடுக்கிறது என்று பார்த்து, அதன் டிரைவரைப் புதுப்பிக்கலாம். மெயின் சுவிட்சைத் தட்டுமுன் விசிறி நின்றதா என்று ஊழியர் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். அதற்காக அவருக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கணக்கிட்டுக் கொடுக்கவும் வேண்டும்.

இவற்றில் ஷிஃப்ட் விசையும் கருவிகளைக் கழற்றுவதும் மட்டுமே மாணவர் கையில் உள்ளன. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நீக்கவும் டிரைவரை மாற்றவும் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அது இருப்பது அறிவிப்பை ஒட்டியவரிடம்.