கோடிக்கரையில் எஞ்சியவை

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் சாலையில், இருமருங்கிலும் குவித்துவைத்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசச் செய்ய, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளியதன் ஞாபகமாக அகஸ்தியம்பள்ளியில் நிற்கும் ஸ்தூபியையும் கடந்து சற்றுத் தூரம் சென்றால், வெட்டவெளியும் வெயிலும் முடிந்து, வானத்தைப் பாதி மறைக்கும் குட்டையான, நெருக்கமான ஒரு காடு தொடங்கிவிடுகிறது. வடக்கேயிருந்து நேராக இறங்கி வந்த சோழ மண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் மூலையில், மூன்று பக்கம் கடலும் சதுப்பும் சூழ இருக்கும் கோடிக்கரைக் காடு அது. ஒரு காலத்தில் இந்த மூலைவரை ரயில்கூட ஓடியது. இப்போது ஓடவில்லை, காட்டுக்கு அது ஒரு வகையில் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும், ஆதிசேது என்று பெயர்பெற்ற இவ்விடத்துக் கடலில் ஸ்நானம் செய்து, பித்ருக்களுக்குத் தர்ப்பணம் விட்டுப் போகிறவர்கள் ஒரு வகையினர். அவர்களுக்குக் காடு என்பது கடலுக்குப் போகும் வழி. மற்றவர்கள் கல்கியின் வாசகர்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ கதையில், படகோட்டும் பூங்குழலியையும், அவள் தந்தையான கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரையும், காலை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் புதைசேற்றையும் படித்து மனத்தில் ஒரு கோடிக்கரையைக் கட்டிக்கொண்டு, அதை நேரில் பார்க்கவேண்டும் என்று புறப்பட்டு வருகிறவர்கள். வந்து இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: “சோழர் கட்டிய விளக்கு எங்கே இருக்கிறது?”

இருக்கிறது, ஆனால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தது என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்ததும், செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டதுமான அந்தக் கோபுரம், ஏற்கெனவே சிதைந்து நின்ற நிலையில், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையில் பெரும்பகுதி வீழ்ந்துபோயிற்று. எஞ்சியது கரையோரத்தில் மணலுக்கு மேலே தலைகாட்டும் ஒரு செங்கல் திரள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், இந்நாளைய சூளைக் கல்லைவிடத் தட்டையான கற்கள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதும், உப்புக் காற்றுக் கல்லைத்தான் அதிகமாக அரித்திருக்கிறது, கற்களுக்கு இடையிலுள்ள சாந்து அதைக் காட்டிலும் கெட்டியாக நின்று, கல் தேய்ந்த இடங்களில் மெல்லிய வரம்புகளாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். என்னோடு அந்த இடத்தில் நின்ற ஓர் இளந்தம்பதி, “இவ்வளவுதானா?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வந்த காரிலேயே திரும்பிவிட்டார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. சரித்திரம் என்றால் உயரமாக இருக்கவேண்டும், கல்வெட்டு இருக்கவேண்டும், முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கவேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் பழக்கப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தச் செங்கல் திரளைவிடப் பழமையான ஒன்று அவர்கள் காரின் இரு பக்கங்களிலும் நின்றுகொண்டிருந்தது. சோழர் விளக்கு எழுந்த காலத்துக்கும் முன்னே, சேரமான் பெருமாளுடன் யாத்திரையாகத் திருமறைக்காடாகிய வேதாரண்யத்துக்கு வந்த சுந்தரர், அங்கிருந்து தெற்கே நடந்து இந்தக் கோடிக்கும் வந்து குழகரைத் தரிசித்தார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. இங்கே அவர் பாடிய பதிகம் மற்ற ஸ்தலங்களில் பாடியவற்றைப் போல வயல்வளத்தையும் மாடவீதியையும் புகழ்வதாக இல்லை. கடற்காற்று வந்து மோதும் கரையில், பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் இப்படித் தன்னந்தனியே இருக்கிறாயே என்று இறைவனைப் பார்த்து அவர் அங்கலாய்க்கிறார். மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுவதால் அம்மை அஞ்சமாட்டாளா என்று கவலைப்படுகிறார். சுற்றுப்புறத்து வேடர்களின் குணத்தைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம் அவருக்கு இல்லை. பக்தியில் கரைகிறவர்கள் அதைத் தோழமையின் உரிமைப் பேச்சு என்பார்கள். எனக்கோ அது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வழிப்போக்கர் கண்ணால் கண்டு எழுதிவைத்த வனக் குறிப்பாகவும் தோன்றுகிறது. பொந்து விழுந்த முதுமரங்கள், கூகைகள், வேட்டையாடுவோர், மனித சஞ்சாரமில்லாத கரை: அன்றும் இது காடு. கோடியக்காட்டில் அமைதியாக இருக்கும் குழகர் கோயிலுக்கு இன்று போகிறவர்கள், கோயில் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாலே போதும். பதிகத்தின் பாதி அங்கே நிற்கும்.

இது சாதாரணமான காடும் அன்று. மேற்கு மலைகளில் இருப்பதுபோல் வானளாவிய மரங்கள் இங்கே கிடையாது. உதகை, கொடைக்கானல் காடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது புதராகத் தோன்றினாலும் ஆச்சரியமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டுமே நம்பி, மணலில் வேரூன்றி, சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு என்னும் இனம் இது. கீழைக் கடற்கரையின் நெடுகிலும் ஒரு காலத்தில் பரந்திருந்த இவ்வினம், ஊர்களும் வயல்களும் பெருகப் பெருகச் சுருங்கி, இன்று ஐயனார் கோயில் தோப்புகளாகவும் துண்டு துண்டான காடுகளாகவும்தான் எஞ்சியிருக்கிறது. அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று கோடிக்கரை. இங்கே அரசு செலுத்துவது பாலை மரம். உலக்கைக்கு உகந்த வைரம் பாய்ந்த மரமாகையால் உலக்கைப்பாலை என்பார்கள். முதலை முதுகைப் போல் வெடித்த கரிய பட்டையும், தடித்த சிறு இலையும், காற்று தள்ளிய பக்கமாகவே வளைந்த கிளையும் கொண்ட இம்மரம், கோடையில் மஞ்சளாகப் பழுக்கிறது. வேப்பம்பழத்தளவே உள்ள அந்தப் பழத்தின் இனிப்பில் மயங்கி ஒரு கைப்பிடி தின்றுவிட்டால், அதன் பால் உதட்டில் பசைபோல் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பேச்சைக் குறைத்துவிடும். பாலைக்குக் கீழே காயா, நாவல், களா, சூரை என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மனிதன் நுழைய வழிவிடாத ஒரு வேலி.

அந்த வேலிக்குள் ஒரு பாதை வளைந்து சென்று, ராமர் பாதம் என்னும் மேட்டில் முடிகிறது. ஸ்ரீராமர் இந்த மேட்டில் நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஐதீகம். சிறிய மண்டபம் ஒன்றில் கல்லில் செதுக்கிய இரு பாதங்கள் இருக்கின்றன. வனத்திலேயே மிக உயர்ந்த ஸ்தானம் இதுதான் என்கிறார்கள். உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். ஆயினும் படியேறி நின்றால், காடு முழுவதும் கண்ணுக்குக் கீழே கடல்வரைக்கும் பச்சைக் கூரையாக விரிந்து கிடப்பதைக் காணலாம். தட்டையான பூமியில் ஓர் ஆள் உயரமே சிகரம் ஆகிவிடுகிறது.

காடு விலகுகிற இடத்தில் புல்வெளி. வெளிமான்கள் அங்கேதான். 1967-ஆம் ஆண்டு இவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதே பிரதானமாக இவற்றை முன்னிட்டுத்தான். புள்ளிமானைப் போல் மரநிழலில் ஒதுங்கும் பிராணி அன்று இது. நாலா புறமும் பார்வை ஓடும் திறந்த வெளியில், தன் கண்ணையும் காலையும் மட்டுமே நம்பிப் பிழைப்பது. மார்கழி மாதத்துக் காலையொன்றில், பனி இன்னும் புல்லில் இருக்கும்போது, ஒரு கலைமானை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு கரியது, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் சுத்த வெள்ளை, முறுக்கி முறுக்கி மேலெழுந்த கொம்புகள். தன் எல்லைக்குள்ளே குறிப்பிட்ட ஓரிடத்தில் நாள்தோறும் சாணமிட்டுச் சாணமிட்டு ஒரு குவியலையே உண்டாக்கி வைத்திருந்தது. அதன்மேல் நின்று, பிறகு ஒரு புல் தண்டின் நுனியைக் கண்ணுக்குக் கீழுள்ள சுரப்பியில் மிக நுட்பமாகப் பொருத்தி, தேய்த்து, கருமையான ஒரு பொட்டை அதில் வைத்துவிட்டு நகர்ந்தது. கண்ணைக் குத்திவிடக்கூடிய அந்தத் தண்டை அது கையாண்ட நிதானத்தைப் பார்க்க வேண்டும். பெண் மான்கள் சில அப்பக்கம் மேய்ந்து வரவே, முகவாயை உயர்த்தி, கொம்புகளை முதுகின்மேல் சாய்த்துக்கொண்டு, அறுவடைக் காலத்து மிராசுதார் வரப்பில் நடப்பதுபோல் அவற்றின் எதிரே நடந்தது. அவை அதைச் சிறிதும் லட்சியம் செய்யாமல் புல்லைத் தின்றுகொண்டே போய்விட்டன.

பறவைகளைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் அது வேறொரு வாரத்துக்கு உரியது. வடக்கே சைபீரியா வரையிலுள்ள பனிப் பிரதேசங்களிலிருந்து உள்ளான் இனங்கள் வந்து இறங்குவதும், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் விட்டுச் சேற்றை வடிகட்டித் தின்னும் பூநாரைகள் சதுப்பில் கூட்டமாக நிற்பதும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் பூட்டி அவற்றின் யாத்திரை வழிகளை ஆராய்ந்து வருவதும், 2002-ஆம் ஆண்டு இச்சதுப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதும் பலர் அறிந்தவையே.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் இந்த மூலையைத் துவைத்து எடுத்தது. வேதாரண்யத்துத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன; காட்டில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன; மான்களும் பறவைகளும் செத்து ஒதுங்கின. புயலுக்குப் பிந்திய காட்டை எனக்குக் காட்டிய வனக்காவலர், அடியோடு சாய்ந்த பாலை மரங்களில் சில, வேரின் ஒரு பங்கு மண்ணை விடாததால், படுத்தபடியே மேல்நோக்கித் தளிர்த்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். கூடவே, பாலை விட்ட இடைவெளிகளில் சீமைக் கருவேலம் முளைத்து நிற்பதையும் காட்டினார். எங்கோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இந்த முள்மரம் விறகுக்காக நம் நாட்டில் விதைக்கப்பட்டது. ஆடுமாடும் குதிரையும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்ப, வெளிமான் மேயும் புல்வெளியை அது ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி வருகிறது. அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குதிரைகளைப் பற்றித்தான் மனம் ஒரு முடிவுக்கு வரமாட்டேன் என்கிறது. எந்தக் காலத்திலோ மனிதன் கைவிட்ட வீட்டுக் குதிரைகளின் சந்ததி இந்த மட்டக்குதிரைகள். காடேறி, தலைமுறை தலைமுறையாக உப்புக் காற்றையும் உவர் நீரையும் சகித்து, யாருக்கும் உரியவை அல்லாமல் திரிகின்றன. அவற்றையும் சரித்திரத்தின் எச்சம் என்று சொல்லலாம்; செங்கல் திரளைவிட உயிருள்ள எச்சம். ஆனால் புல் ஒன்றே. தின்னும் வாய்கள் இரண்டு வகை.

“ஐயா, குதிரையை விரட்டணும்னு ஒருத்தர் சொல்றார், வேணாம்னு இன்னொருத்தர் சொல்றார். கோடையில குட்டை வத்தினா நாங்க தொட்டியில தண்ணி ஊத்தறோம். குடிக்க வர்றது மானா குதிரையான்னு பாத்தா ஊத்த முடியும்?” என்றார் காவலர்.

அவருடைய கடமைக்கு அந்தப் பதில் சரி. எழுதுகிறவன் அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. ஆகையால் சொல்லிவிடுகிறேன்: புல் இருவருக்கும் போதாமல் போகும் ஒரு நாள் வந்தால், என் வாக்கு மானுக்கே. குதிரைக்கு நாடெங்கும் இடமுண்டு. வெளிமானுக்குத் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே உண்டு.

வீழ்ந்த சோழர் விளக்கை மறுபடியும் எழுப்பிக் காட்டினால் கல்கி வாசகர்களுக்கு விருந்தாக இருக்கும் என்று அன்று என்னுடன் வந்திருந்த நண்பர் யோசனை கூறினார். கப்பல்களுக்கு வழிகாட்டப் புதிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பூங்குழலிக்கு வழிகாட்டப் புத்தகம் இருக்கிறது. இருக்கிற செங்கல்லை அலையும் மனிதக் காலும் மேலும் சிதைக்காமல் காப்பது நல்லது. எழுப்புவதற்கு ஆகும் பணத்தைச் சீமைக் கருவேலம் பிடுங்கிய இடங்களில் காயாவும் பாலையும் ஊன்றுவதற்குச் செலவிடலாம் என்றேன். பாலை மிகவும் மெதுவாக வளரும் மரம். அந்த வேலையை வருகிற ஐப்பசி மழைக்கே தொடங்கிவிடுவது உசிதம்.