உத்தியோகம் கிடைத்தது, உயர்வு? கனடா சர்க்காரில் கறுப்பர்கள்

வேலை செய்யும் இடத்தில் ஒருவரை நிறத்துக்காக ஒதுக்கினால், அவர் எங்கே போய் முறையிடுவது?

கனடா நாட்டில் அதற்கென்றே சர்க்கார் அமைத்த கமிஷன் ஒன்று இருக்கிறது. "மனித உரிமைக் கமிஷன்" என்று பெயர்.

2020-ம் ஆண்டு அந்தக் கமிஷன் மீதே புகார் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் யார்? அங்கேயே வேலை பார்த்த கறுப்பர்களும், வெள்ளையர் அல்லாத மற்ற ஊழியர்களும்! அவர்களுக்காகத் தொழிற்சங்கங்கள் புகாரைக் கொண்டு சென்றன. 2023-ல் முடிவு வந்தது. புகார் உண்மைதான் என்று, சர்க்கார் ஊழியர்களுக்கெல்லாம் எஜமானான கருவூல வாரியமே ஒப்புக்கொண்டது.

வேலியே பயிரை மேய்ந்த கதை!

ரெயில்வே "போர்ட்டர்"

இது நேற்றுத் தொடங்கிய கதை அல்ல.

கனடாவின் பெரிய ரெயில்வே "சி.என்." இப்போது அது தனியார் கம்பெனி. 1995 வரை சர்க்காருக்குச் சொந்தமாக இருந்தது. படுக்கை வசதி உள்ள பெட்டிகளில் படுக்கை விரிப்பது, பயணிகளின் சாமானைத் தூக்குவது, அவர்களுடைய பூட்சுக்குப் பாலிஷ் போடுவது ஆகிய வேலைகளைக் கறுப்பர்கள் செய்தார்கள். படித்தவராக இருந்தாலும் அதே வேலைதான். பயணிகள் பலர் அவர்களுடைய பெயரைக்கூடக் கேட்டது இல்லை. யாராக இருந்தாலும் "ஜார்ஜ்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஊழியர் பட்டியல் இரண்டாக இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியில் வேலை செய்கிறவர்கள் ஒரு பட்டியல். போர்ட்டர்கள் இன்னொரு பட்டியல். இதில் இருந்து அதற்குப் போக வழி இல்லை. 20 வருஷம் உழைத்தாலும் போர்ட்டர் போர்ட்டர்தான்.

வின்னிபெக் நகரில் இருந்த லீ வில்லியம்ஸ் என்ற போர்ட்டர் இதை எதிர்த்தார். ரெயில்வேயுடன் மட்டும் அல்ல, வெள்ளையர் கையில் இருந்த தொழிற்சங்கத்துடனும் அவர் மல்லுக்கு நிற்க வேண்டி இருந்தது. 1964-ல் இரண்டு பட்டியலும் ஒன்றாயின.

ஒரே கூடை

1986-ல் கனடா ஒரு சட்டம் செய்தது. பெண்கள், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், "கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்" ஆகிய நான்கு வகையினருக்கும் வேலையில் நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்றது சட்டம். 1995-ல் அதைத் திருத்தி, சர்க்கார் அலுவலகங்களையும் அதற்குள் கொண்டு வந்தார்கள்.

அது என்ன "கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்"? வெள்ளையர் அல்லாதவர், பழங்குடியினரும் அல்லாதவர். கறுப்பர், சீனர், அரபியர், இந்தியர் எல்லோரும் இதில் அடக்கம். டொராண்டோவில் வாழும் நம் தமிழர்களும் இதே கூடையில்தான் இருக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். கூடையின் மொத்த எடை சரியாக இருந்தால், "பங்கு கொடுத்தாகிவிட்டது" என்று இலாகா சொல்லிவிடலாம். உள்ளே எந்தப் பழம் எத்தனை என்பது வெளியே தெரியாது.

பிறகு இனவாரியாகப் பிரித்துக் கணக்கு வெளியிட்டார்கள். 2021 கணக்குப்படி சர்க்கார் ஊழியர் 100 பேரில் ஏறக்குறைய 4 பேர் கறுப்பர். நாட்டு ஜனத்தொகையிலும் அவர்கள் பங்கு ஏறக்குறைய அவ்வளவே. ஆக, வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் உயர் அதிகாரிகள் 100 பேரில் கறுப்பர் ஏறக்குறைய 2 பேர்தான்!

அன்று பட்டியலைப் பிரித்தது கெடுதல் செய்தது. பின்னால் பட்டியலைச் சேர்த்ததும் கெடுதல் செய்தது. இது எப்படி என்று கேட்கலாம். ரெயில்வேயில் இருந்தது வேலையைப் பங்கு போட்ட பட்டியல். இதுவோ தலையை எண்ணும் பட்டியல். எண்ணும்போது பிரித்து எண்ணினால்தான் யாருக்குக் குறை என்று புரியும்.

கோர்ட்டுக்குப் போனார்கள்

2020 டிசம்பரில் கறுப்பின ஊழியர்கள் சிலர், எல்லோருக்குமாகச் சேர்த்து சர்க்கார் மீது வழக்கு தொடர்ந்தார்கள். 1970 முதல் தங்களுக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கேட்ட நஷ்ட ஈடு பிறகு 250 கோடி டாலராக உயர்ந்தது.

2025 மார்ச்சில் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. இதைக் கூட்டு வழக்காக நடத்த முடியாது என்பது தீர்ப்பு. ஆனால் கறுப்பர்கள் பட்டுவரும் பாகுபாடு மிகவும் வருந்தத் தக்கது என்பதை நீதிபதி மறுக்கவில்லை.

பட்ஜெட்டில் பணம்

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே சர்க்கார் பணம் ஒதுக்கியது. 2022 பட்ஜெட்டில் 37 லட்சம் டாலர். 2023 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 4 கோடியே 59 லட்சம் டாலர். கறுப்பின ஊழியர்களின் மனநலத்துக்கும், அவர்களை உயர் பதவிக்குத் தயார் செய்யவும் இந்தப் பணம்.

2024 பிப்ரவரியில் திட்டத்தை அறிவித்தவர் மந்திரி அனிதா ஆனந்த். இவர் தந்தை தமிழர். திட்டத்தில் இரண்டு அம்சங்கள் முக்கியம். ஒன்று, உயர் பதவிக்கான தனிப் பயிற்சி. மற்றொன்று, ஊழியர்களுக்கு ஆலோசனை சொல்லும் மனநல நிபுணர்களில் கறுப்பர்களை அதிகமாகச் சேர்ப்பது.

அதற்கு ஏன் கறுப்பரே வேண்டும்? வயிற்று வலி என்று போகும் நோயாளி, "எனக்கு வலிக்கிறது, நம்புங்கள்" என்று வைத்தியரிடம் முதலில் வாதாட வேண்டி இருந்தால் எப்படி இருக்கும்? அவமானப்பட்டு வருகிறவரின் நிலையும் அதுதான். பட்டவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

இரண்டாவது மொழிப் பயிற்சிக்கும் உதவி சேர்ந்தது. கனடாவில் உயர்ந்த உத்தியோகங்களுக்கு இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டும் தெரிய வேண்டும். எத்தனை திறமை இருந்தாலும், இரண்டாவது மொழி இல்லை என்றால் அந்தக் கதவு திறப்பது இல்லை. இந்தத் திட்டத்தில் உருப்படியான காரியம் இதுதான்.

ஆனால் பணத்துக்குக் கெடு உண்டு. மூன்று ஆண்டு ஒதுக்கீடு 2026 மார்ச்சு வரைக்கும்தான். சட்டத்துக்குக் கெடு இல்லை. கறுப்பர்களைத் தனி வகையாகச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் நிபுணர் குழு சிபாரிசு செய்தது. அப்போதைய தொழிலாளர் மந்திரி அதை ஏற்பதாக அறிவித்தார். 2025 ஜனவரியில் பார்லிமெண்டு கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டது. ஏப்ரலில் தேர்தல் வந்தது. அதுவரையில் சட்டம் திருத்தப்படவில்லை.