ஒரு சோறு பதமாகுமா?

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் பாட்டிமார் வாக்கு. பானைக்கு அது முற்றிலும் பொருந்தும். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஒரு பருக்கை வெந்தால் எல்லாம் வெந்தமாதிரிதான். ஆனால் அதே பழமொழியைக் காட்டுக்குள் கொண்டு சென்று, ஏதோ ஓர் உயிரினத்தை மட்டும் எண்ணிவிட்டு, “இக்காட்டின் உயிர்வளம் இவ்வளவு” என்று தீர்ப்புக் கூறலாமா? கூடாது என்பதே என் கட்சி.

வெப்பமண்டலக் காட்டின் உயிர்கள் அனைத்தையும் எண்ணி முடிக்க ஒருவராலும் இயலாது. ஆகையால், எளிதில் எண்ணத்தக்க ஒரு கூட்டத்தைச் ‘சுட்டுயிர்’ என வைத்துக்கொண்டு மற்றவற்றை ஊகிப்பது ஆய்வாளர் வழக்கம். 1982-ல் டெரி எர்வின் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர், பனாமா நாட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் வண்டுகளைக் கொண்டு, வெப்பமண்டலத்தில் 3 கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார். பின்வந்தோர் அந்த எண்ணை வெகுவாகக் குறைத்தனர். பெருக்கலில் தவறில்லை, ஒரு மரத்து வண்டுகளில் எத்தனை அம்மரத்துக்கே உரியவை என்ற ஊகம்தான் எண்ணை ஊதிப் பெருக்கிவிட்டது.

இதைவிடப் பெரிய பாடத்தை ஆப்பிரிக்காவின் காமரூன் நாடு தந்தது. அங்குள்ள ம்பல்மாயோ காட்டில் நடந்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. பறவை, வண்ணத்துப்பூச்சி, பறக்கும் வண்டு, மரமுகட்டு வண்டு, மரமுகட்டு எறும்பு, சருகெறும்பு, கறையான், மண்ணில் வாழும் நூற்புழு என எட்டுக் கூட்டங்களை எண்ணினார்கள். காடு சிதையச் சிதைய இனங்கள் பொதுவாகக் குறைந்தன, உண்மை. ஆனால் எந்த ஒரு கூட்டமும் மற்றொன்றின் மாற்றத்தைச் சரிவரச் சுட்டவில்லை! உடல் சிறுக்கச் சிறுக்க உழைப்பும் பன்மடங்காகியது. பெயரே இடப்படாத இனங்களும் பெருகின.

நம் நாட்டுக்கு வருவோம். 1973-ல் புலித் திட்டம் தொடங்கியது. அதனால் பல காடுகள் பிழைத்தன, மறுப்பார் யார்? ஆயினும் புலி சுந்தரவனச் சதுப்பிலும் வாழ்கிறது, ரணதம்போரின் வறண்ட காட்டிலும் வாழ்கிறது. புலிகளின் தொகை, காலடிச் சருகில் எத்தனை இனங்கள் உண்டு என்பதைச் சொல்லுமா? வண்ணத்துப்பூச்சியோ இன்னும் ஏமாற்றும். மரத்தை வெட்டி வெயில் புகுந்தால் திறந்தவெளிப் பூச்சிகள் வந்து சேரும், பட்டியல் நீளும், காடு செழித்ததாக அறிக்கை பேசும். அந்த அறிக்கையை நம்பி அணைக்கோ சுரங்கத்துக்கோ இசைவு கொடுத்துவிட்டால், இழந்த காட்டை மீட்டுத் தருபவர் யார்?

“எல்லாவற்றையும் எண்ணக் காலமும் பணமும் எங்கே?” என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் எண்ணச் சொல்லவில்லை. ஒன்றோடு நிறுத்தாதீர் என்கிறேன். பிரேசிலின் அமேசான் காட்டில் 14 கூட்டங்களின் செலவையும் பயனையும் நிறுத்துப் பார்த்த ஆய்வொன்று 2008-ல் வெளிவந்தது. பறவைகளும் சாணவண்டுகளும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தந்தன. வானத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று! இவற்றோடு எறும்பையும் கறையானையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நேர்மையாகும். இனங்கள் எத்தனை என்பதோடு, எவை என்பதையும் எழுத வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. விலங்கியல் முதுகலை பயிலும் என்னை, “வண்டுக்குப் பெயர் சொல்லிச் சோறு தின்ன முடியுமா?” என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. முடியாமல் இருப்பதுதான் நாட்டின் குறை என்பேன். இனங்களைப் பிரித்தறியும் கல்வியைப் பல்கலைக்கழகங்கள் பழங்கலையென்று ஒதுக்கலாகாது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் படிக்க வந்த தோழர்களே, உங்களில் நால்வர் புலியை மறந்து சற்றே குனிந்து பாருங்கள். பெயர் தெரியாத உயிருக்காக வழக்காட எவரும் முன்வரமாட்டார். பெயரைத் தெரிந்து சொல்ல நாமாவது முன்வருவோம்.