பாரமோ, பராமரிப்போ?

சிறுமலையடிவாரத்துச் செம்மண் தடங்களில் மோட்டார்ச் சைக்கிளேறி நெடுந்தூரஞ் செல்ல விழையும் நண்பர் பலர் நம் திண்டுக்கல்லில் உளர். அவர்தம் ஆர்வத்தை யாம் குறைகூறோம். வண்டி வாங்கிய மறுநாளே இரும்புப் பெட்டிகளும் காவற்கம்பிகளும் விளக்குகளும் பூட்டுதலையே குறைகூறுகின்றோம்.

சென்னையையடுத்த ஆலைகளில் ராயல் என்ஃபீல்டார் செய்து 2016-இல் வெளியிட்ட 411 சி.சி. ஹிமாலயனையே நோக்குமின். அதன் எடை இயல்பாகவே 180 கிலோவுக்கு மேற்பட்டது. 21 அங்குல முன்சக்கரமும், தரைக்கு மேல் 220 மில்லிமீட்டர் இடைவெளியும் கல்லும் பள்ளமுங் கடத்தற்கென்றே அமைந்தவை. பின்னே பாரமேற்றின் ஸ்பிரிங் அமிழ்ந்து அவ்விடைவெளி குறுகும். முன்சக்கரம் மணலிற் பிடிப்பிழக்கும். பணங்கொடுத்துப் பெற்ற குணத்தைப் பின்னும் பணங்கொடுத்துப் போக்குதல் என்ன அறிவோ!

மாற்றமே வேண்டாவென்பேமல்லேம். மண்ணைப் பற்றும் டயரும், எஞ்சினின் அடியைக் காக்கும் உறுதியான தகடும் நன்றே. ஆயினும், செம்புழுதி அடைத்த காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பார் எத்துணைபேர்? செயினைத் துடைத்து எண்ணெயிடுவார் யார்? ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தட்டினால், தளர்ந்தது மழுங்கிய ஓசையால் தன்னைக் காட்டிக் கொடுக்கும். இதற்குக் காசும் வேண்டா.

சென்ற கோடையில் எம் குழுவினர் வண்டியொன்றில் சீமைக்கருவேல முள் தைத்தது. டியூபிற்கு ஒட்டுப்போட எம்முள் ஒருவரும் அறியோம். இருட்டில் ஆறு கிலோமீட்டர் தள்ளிச் சென்றோம். புதிதாய்ப் பூட்டிய விளக்குகள் மட்டும் மிக நன்றாய் எரிந்தன.