அவல நாடகம் உள்ளத்தை மெலிவிக்குமோ?

இன்பத்தை விழைந்து துன்பத்தை வெறுத்தல் உயிர்கட்கெல்லாம் இயல்பு. அங்ஙனமாகவும், பிறர் உற்ற பெருந்துன்பத்தைக் கூறும் நூலை மக்கள் தாமே தேடிச்சென்று கற்பதும், அதனை நாடகமாகக் கண்டுழிக் கண்ணீர் உகுப்பதும், உகுத்தபின் ஒருவகை நிறைவோடு மீள்வதும் வியக்கற்பாலனவாம். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரத்தார் தியோனிஸஸ் என்னுந் தெய்வத்தின் இளவேனில் விழாவில் ஆண்டுதோறும் திரண்டு, ஈஸ்கிலஸ், ஸோபோக்ளீஸ், யூரிப்பிடீஸ் முதலிய புலவர்தம் அவல நாடகங்களைக் கண்டனர். அவ்வழுகை உள்ளத்தை உரப்படுத்துவதோ மெலிவிப்பதோ என்னும் வழக்கு அடுத்த நூற்றாண்டிலேயே எழுந்தது, இன்றும் ஒழிந்தபாடில்லை. மெலிவிக்கும் என்பார் கூற்றைப் பரபக்கமாக முதற்கண் வைத்து, அது பொருந்தாமை ஈண்டு ஆராயப்படும்.

பரபக்கத்தாருள் தலைமை சான்றவர் பிளேட்டோ என்னும் பேரறிஞர். அவர் தமது 'குடியரசு' என்னும் நூலின் பத்தாம் பகுதியிற் கூறுவதன் சாரம் இது: நன்மகன் ஒருவன் தன் புதல்வனை இழந்தவிடத்தும் அரற்றாது அடங்கியிருத்தலையே பெருமையாகக் கொள்வான், அவனே அரங்கில் ஒரு தலைவன் மார்பில் அறைந்து புலம்பக் கண்டால் உடன் உருகி, அங்ஙனம் உருக்கிய புலவனைப் புகழ்வான். பிறர்பொருட்டென்று எண்ணி ஊட்டி வளர்த்த அழுகை, தனக்குத் துன்பம் வந்துழி அடக்குதற்கு அரிதாய்விடும். ஆதலின் அவலப் புலவர்க்கு நன்னகரில் இடமில்லை என்பது அவர் துணிபு.

பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூஸோ 1758-இல் வெளியிட்ட திருமுகம் ஒன்றில் மற்றொரு குற்றம் ஏற்றினார். நாடகத்தில் உகுக்கும் கண்ணீர் செலவில்லாக் கண்ணீர். அழுதவன் தன் கடன் தீர்ந்ததெனக் கருதி, நேரில் வந்து நிற்கும் துன்புற்றார்க்கு உதவாதொழிவான் என்பது அது. இதற்கு அவர் காட்டுஞ் சான்று, பல்லோரைக் கொல்வித்தும் நெஞ்சு இளகாதிருந்து, நாடகங் கண்டு மட்டும் உருகிய பெரே நகரத்துக் கொடுங்கோலன் அலெக்ஸாண்டர்.

இவ்விரு தடைகளும் வலியுடையன போலத் தோன்றினும், அச்சம் இரக்கம் என்னும் இரண்டன் இயல்பையும் ஒருங்குவைத்து நோக்காமையான் எழுந்தன. பிளேட்டோவின் மாணாக்கராகிய அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' என்னும் நூலில் அவலத்துக்கு இலக்கணங் கூறுமிடத்து, இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வாயிலாக அவ்வுணர்ச்சிகளின் 'கதார்ஸிஸ்' என்பதனை முடிப்பது என்றார். அச்சொல்லின் பொருளை அவர் இன்றுள்ள நூலில் யாண்டும் விரித்துரைத்திலர். ஜெர்மானிய அறிஞருள் லெஸ்ஸிங் என்பார் 1767 முதல் 1769 வரை எழுதிய கட்டுரைகளில், அவ்வுணர்ச்சிகளை நற்பண்பாக மாற்றுதல் என்று அதற்கு உரை கண்டார். பெர்னேஸ் என்பார் 1857-இல், தேங்கிய நோய்ப்பொருளை மருந்தினால் வெளியேற்றுதல் போல்வது என்றார். உரை எதுவாயினும், மூலத்தில் ஐயத்திற்கிடமின்றி விளங்குவது ஒன்றுண்டு. அச்சமும் இரக்கமும் இணைந்து நிற்றல் வேண்டும் என்பதே அது. பரபக்கத்தாரோ இரக்கம் ஒன்றையே பற்றி அச்சத்தைக் கைவிட்டனர்.

அவ்விணைப்பின் காரணத்தை அரிஸ்டாட்டில் சொல்வன்மை பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியில் விளக்கினார். தனக்குத் தகாத கேட்டினை ஒருவன் எய்தக் கண்டவிடத்து, அக்கேடு தமக்கோ தம் சுற்றத்தார்க்கோ வருதலுங் கூடும் என்னும் நினைவோடு பிறக்கும் நோவே இரக்கம். ஆகவே, முற்றும் அழிந்தவன் இரங்கான். இனி வரக்கடவது ஒன்றுமில்லையென்று இருத்தலின். செருக்குற்றவனும் இரங்கான்; தனக்கு ஒன்றும் வாராதென்று இருத்தலின். அச்சத்தின் வித்தில்லாத நெஞ்சில் இரக்கம் முளையாதென்பது இதனாற் பெறப்படும். அச்சமில்லா இரக்கம், மேட்டில் நிற்பவன் பள்ளத்தில் வீழ்ந்தவனைக் குனிந்து நோக்குதல் போல்வது. அதனுள் இகழ்ச்சி மறைந்து கிடக்கும். இரக்கமில்லா அச்சமோ தன்னுயிரையே ஓம்புங் கோழைமை. இரண்டும் கூடியவிடத்தே 'இவனும் யானும் ஓரினம்' என்னும் அறிவு பிறக்கின்றது.

இவ்வறிவை ஸோபோக்ளீஸ் தமது 'ஏயாஸ்' என்னும் நாடகத்தின் தொடக்கத்திலேயே காட்டினார். ஏயாஸ் என்னும் வீரன் மதிமயங்கி, பகைவரென்று எண்ணிக் கால்நடைகளை வெட்டிக் குவித்து நிற்கின்றான். அவனுடைய பகைவனாகிய ஒடிஸியஸை அதீனா என்னுந் தெய்வம் அழைத்து, அவனைக் கண்டு நகைக்கத் தூண்டுகின்றது. ஒடிஸியஸ் நகைத்திலன், பகைவனாயினும் இரங்குகின்றான், அவன் நிலையில் தன் நிலையையே காண்பதாகக் கூறி, வாழும் மாந்தரெல்லாம் வெறும் நிழல் என்று உணர்கின்றான். இதனை மெலிவென்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? நகைப்பதற்கு வலிமை வேண்டா. வெற்றி ஒன்றே போதும். பகைவன்பால் இரங்குதற்கே உள்ளத்துரம் வேண்டும்.

இனி, பிளேட்டோவின் தடைக்கு மறுப்பு. தன் துன்பத்து அழுகையும் பிறர் துன்பத்து இரக்கமும் ஒரே மரத்தின் கனிகள் என்று அவர் கொண்டார். அவை வேறென்பதை ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாறு காட்டும். கி. மு. 525-இல் பாரசீக வேந்தன் எகிப்தை வென்றபோது, தோல்வியுற்ற மன்னன் ஸாமெனிட்டஸ் தன் மகள் அடிமையுடையில் நீர் சுமந்து செல்லவும், மகன் கொலைக்களத்துக்குச் செல்லவும் கண்டு நிலநோக்கி வாய் வாளாதிருந்தான். பின்னர்த் தன் பழைய நண்பன் ஒருவன் போர்வீரரிடம் இரந்து நிற்கக் கண்டபோதே வாய்விட்டு அழுதான். தன் குடியின் துன்பம் கண்ணீருக்கும் அப்பாற்பட்டது. நண்பன் துயரே கண்ணீருக்கு உரியது என்பது அவன் விடை.

அரங்கின் செய்தியும் இதுவே. கி. மு. 494-இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரை அழித்தனர். அந்நகரத்தார் ஆதென்ஸ் மக்களின் உறவினர். அவ்வழிவை பிரினிக்கஸ் என்னும் புலவர் நாடகமாக்கியபோது அரங்கு முழுதும் கதறியது. தம் வீட்டுத் துயரை நினைப்பித்தமைக்காக அவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தையும் தடுத்தனர். கி. மு. 472-இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்னும் நாடகத்தை இயற்றினார். எட்டாண்டுகட்குமுன் ஸாலமிஸ் கடற்போரில் தோற்றோடிய பகைவரின் தலைநகரில் தாயர் புலம்பலையும் கிழிந்த உடையோடு மீண்ட வேந்தன் கோலத்தையும் அதன்கண் காட்டினார். வென்றவர் இருந்து அதனைக் கண்டனர், முதற்பரிசும் அளித்தனர். முன்னையது புண்ணைக் கீறியது. பின்னையது வெற்றிச் செருக்கைத் தணித்தது. இவ்விரண்டனையும் ஒன்றாக எண்ணி அவலத்தையே விலக்குதல் முறையன்று.

அவலத் தலைவன் எத்தகையனாதல் வேண்டும் என்பதும் இதனோடு இயைவது. முழுத்தீயோன் கெட்டால் இரக்கம் இல்லை. மாசிலாச் சான்றோன் காரணமின்றி அழிந்தால் அருவருப்பே மிஞ்சும். இடைப்பட்ட ஒருவன், கயமையாலன்றி ஒரு பிழையால் வீழ்தலே தக்கது என்றார் அரிஸ்டாட்டில். அதற்கு அவர் காட்டியவருள் ஒருவன் தீப்ஸ் நகர மன்னன் ஈடிப்பஸ். நகரைக் கொள்ளைநோயினின்று காக்க முற்பட்டு, முன்னை மன்னனைக் கொன்றவனை நேர்மையோடு தேடிய அவன், கொன்றவன் தானே என்றும், கொலையுண்டவன் தன் தந்தையே என்றும் காண்கின்றான். அவன் நேர்மையே அவனை அழிவுக்கு நடத்தியது. தன்னை முற்றும் அறிந்தேன் என்று துணிந்திருப்பார் எவரும் அதனைக் கண்டு நடுங்காதிரார்.

இங்கே சைவ நன்மக்களுள் சிலர் வேறொரு தடை எழுப்புதல் கூடும். உயிர்கள் நுகர்வன யாவும் தத்தம் வினைப்பயனே. தகாத துன்பம் என்பதொன்று இல்லை. ஆதலின் அதன்மேற் பிறக்கும் இரக்கம் மயக்கமே என்பர். இது வினைக்கொள்கையைத் தலைகீழாகப் பற்றியதாம். வினையுண்மை, தனக்கு வந்த துன்பத்தைப் பிறர்மேல் ஏற்றாது பொறுத்தற்குக் கூறப்பட்டது; பிறன் துன்பத்தை அளந்து 'உனக்கு இது தகும்' என்று தீர்ப்புரைத்தற்கன்று. வினையின் அளவறிந்து ஊட்டுவோன் இறைவன் ஒருவனே. மனிதன் கண்ணுக்குப் புலனாவது எதிரே துடிக்கும் உயிர்தான். தன் பழவினை இன்னதென்று அறியாதவன், அவனுக்கு வந்தது தனக்கு வாராதென்று எங்ஙனம் துணிவான்? வினையை மெய்யாக நம்புவோனுக்கே அச்சமும், அதன்வழி இரக்கமும் மிகுதல் வேண்டும். வினையைக் காட்டி இரக்கத்தை மறுப்பவன், தன் வன்கண்மைக்குத் திரை தேடுவோனே யாவன்.

எஞ்சியது ரூஸோவின் தடை. பெரே நகரத்துக் கொடுங்கோலன் கதையைப் புளூட்டார்க் கூறியவாறு நோக்கின், அது பரபக்கத்தார்க்கே பகையாம். யூரிப்பிடீஸின் 'திராய் நகர மகளிர்' என்னும் நாடகத்தைக் கண்டிருந்த அவன், இடையிலே எழுந்து போயினான். எவர்க்கும் இரங்காத தான், ஹெக்குபாவும் அந்திரோமக்கியும் படும் துயருக்கு அழுதலைக் குடிகள் காண நாணியதே காரணம். நாடகம் தன் தொழிலைச் செய்தது. அவனே அஞ்சி ஓடினான். வாயிலிட்ட மருந்தை உமிழ்ந்தவன் நோய் தீராமைக்கு மருத்துவனைப் பழித்தல் நேர்மையோ? இரக்கம் செயலாதற்கும் சான்றுண்டு. ஸோபோக்ளீஸ் கி. மு. 409-இல் அரங்கேற்றிய நாடகத்தில், புண்பட்ட பிலோக்டெட்டீஸின் வில்லை வஞ்சித்துக் கவர வந்த இளைஞன் நியோப்டாலிமஸ், அவன் நோவைக் கண்டு இரங்கி, கவர்ந்த வில்லை மீட்டுக் கொடுக்கின்றான்.

எனினும், அழுகைக்கென்றே புனையப்பட்டு, குருதியையும் கூக்குரலையும் பெருக்கி, கதைப்பிணிப்பு இல்லாத காட்சிகளும் உள. அவற்றை அரிஸ்டாட்டிலே விலக்கினார். ஈடிப்பஸ் கதையைக் கண்ணாற் காணாது செவியாற் கேட்டவனும் நடுங்கி இரங்குதல் வேண்டும். வெறுங்காட்சியால் எழுவது கலையினும் தாழ்ந்தது என்பது அவர் கருத்து. பரபக்கத்தார் கூறுங் குற்றம் அத்தகைய போலிகளைச் சாருமேயன்றி மெய்யான அவலத்தைச் சாராது. மெய்யான அவலம், கேட்டோன் செருக்கை அச்சத்தால் உடைத்து, உடைந்தவிடத்தே இரக்கத்தை ஊன்றுகின்றது. அதனை மெலிவென்பார், கல்லாய் இருத்தலையே உரமென மயங்கினார் என்க.