அலைச்சலுக்கும் ஒரு கணக்கு

பகைவர் சூழ்ந்து நிற்க, கடவுளை நம்பிப் பாடிய பாட்டுக்கள் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் நிறையவே உண்டு. மொத்தம் 150 சங்கீதங்கள். இம்முறை 56ஆவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். (பழைய கத்தோலிக்கப் பதிப்பு வைத்திருப்போர் 55ஆவதைப் பார்க்கவும்.) எமது வாசகர்களிற் பெரும்பாலானோர் சைவர்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஊர்விட்டு ஓடிய ஒருவனின் பாட்டு என்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறோம்.

பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்கிறது இதன் தலைப்பு. இத்தலைப்புக்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று ஆய்வாளர் பலர் கூறுவர். ஆனாலும் கதையை அறிந்து வாசித்தால் பாட்டு நெருங்கி வருகிறது. சவுல் அரசன் கொல்லத் தேடுகிறான். தாவீது ஓடிப்போன இடமோ, தான் முன்பு கொன்ற கோலியாத்தின் சொந்த ஊர்! அங்கே ஆளை அடையாளம் கண்டுவிட்டார்கள். கதவுகளைக் கீறி, தாடியில் எச்சில் வழியவிட்டு, பைத்தியக்காரனாக நடித்துத்தான் தப்பினான். அதன்பின் அதுல்லாம் குகை. பின்னர் தாய் தந்தையரை மோவாப் நாட்டு அரசனிடம் ஒப்படைத்தான். பெற்றோர் ஒரு நாட்டிலும் தாம் ஒரு நாட்டிலுமாக இருப்பவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

பாட்டில் வரும் பகைவர்கள் பதுங்கி இருக்கிறார்கள், காலடியைக் கவனிக்கிறார்கள், சொன்ன சொல்லை நாள் முழுவதும் திரிக்கிறார்கள். யாருக்கும் பெயர் இல்லை. ஆகவே அவரவர் தமது பகைவரை அங்கே வைத்துப் பார்க்கலாம். பாடுபவன் தனக்குப் பயமே இல்லையென்று தொடங்கவில்லை. பயம் வரும் நாள் உண்டென்று முதலில் ஒப்புக்கொள்கிறான். அதே நாளில்தான் நம்பிக்கையையும் வைக்கிறான். மனிதரால் தன்னை என்ன செய்துவிட முடியும் என்ற துணிவு பல்லவி போல இருமுறை வருகிறது. இரண்டுக்கும் நடுவிலே கண்ணீர்.

அந்த இடந்தான் எமக்கு மிகவும் பிடித்தது. கடவுள் தன் அலைச்சல்களை எண்ணி வைத்திருப்பதாகச் சொல்லி, கண்ணீரையும் ஒரு தோற்பையில் சேர்த்து வைக்கக் கேட்கிறான். எபிரேய மொழியில் அலைச்சல், தோற்பை என்ற இரு சொற்களும் ஏறக்குறைய ஒரே ஒலி உடையவை. தமிழில் அந்தச் சுவை வராது. வறண்ட அந்த நாட்டிலே தண்ணீர், பால், திராட்சரசம் போன்ற, சிந்தவிடக் கூடாத பொருட்களைத்தான் தோற்பையில் வைப்பார்கள்.

இதற்கு முந்திய வரியில் பகைவரைக் கோபத்தோடு வீழ்த்தும்படியும் கேட்கிறான். சிலர் இதை வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள். எமக்கு அது சரியாகப் படவில்லை. எல்லாம் இழந்தவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அதை அவன் கடவுளிடம் கொண்டுபோய்ச் சொல்கிறான். பின்னொரு நாள் என்கேதிக் குகையில் சவுல் தனியே கைக்கெட்டும் தூரத்தில் அகப்பட்டபோது, தாவீது வெட்டியது அவனது சால்வையின் ஓரத்தை மட்டுமே. அதற்கே மனம் குத்தியதாம். விஷயம் அறிந்து சவுல் அழுதான், தன் வீட்டுக்குத் திரும்பினான். தாவீது மறுபடியும் மலை அரணுக்கே போனான்.